20 வருடப் பிக்கப்: என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் டபுள் கேபின் டீசல் பிக்கப் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். மீட்டர் 2,70,000 கி.மீ. காட்டுகிறது. இன்ஜின் நன்றாக இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். சர்வீஸ் பில்கள் பெரும்பாலும் இருக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. போன வருடம் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். அலாய் வீல், நல்ல மியூசிக் சிஸ்டம் உண்டு. அடிப்பகுதியில் கொஞ்சம் துரு தெரிகிறது. இதே மாடலுக்கு இணையத்தில் கேட்கும் விலையில் பாதிதான் தருவேன் என்கிறார் வியாபாரி. என்ன விலை நியாயம்? பெயிண்ட் அடித்துவிட்டு விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்ணுமே வண்டியின் விலை இல்லை. விளம்பரத்தில் இருப்பது விற்பவர் ஆசைப்படும் தொகை. வியாபாரி சொன்னது, வாங்கி, சரிசெய்து, விற்கும்வரை நிறுத்தி வைத்து, தனக்கும் மிச்சம் பார்க்கக் கட்டுப்படியாகும் தொகை. உங்கள் விலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்குப் போட்டே அதைப் பிடிக்கலாம்.

புது வண்டிக்கு முதல் சில வருடங்களில் விலை சரசரவென்று இறங்கும். 10, 12 வருடம் தாண்டிவிட்டால் அந்த இறக்கம் நிதானமாகிவிடும். ஒழுங்காக வைத்திருந்த 2003 மாடல், அடித்து ஓட்டிய 2006 மாடலைவிட அதிக விலைக்குப் போவது சகஜம். வயதாவதே மவுசாகிவிடுவதும் உண்டு: அமெரிக்காவில் 25 வருடம் நிறைந்த வெளிநாட்டு வண்டிகளுக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால், ஜப்பானின் கெய் டிரக் என்னும் பழைய குட்டி லாரிகளைத் தேடி இறக்குமதி செய்கிறார்கள். உங்களுடையது வேலை வண்டி, அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. வேலை வண்டி வாங்க வருபவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இதை எடுத்தால் அடுத்த 2 வருடத்தில் எவ்வளவு செலவு வைக்கும்? அந்தச் செலவைத்தான் அவர் விலையில் கழிப்பார். ஆகவே அவருக்கு முன்னால் நீங்களே அதைக் கழித்துப் பாருங்கள்.

முதலில் ஒப்பீட்டு விலை. அதே மாடல், அதே இன்ஜின், முன்னும் பின்னும் 2 வருடம், ஃபோர் வீல் டிரைவ், டபுள் கேபின் என்று பொருந்தும் விளம்பரங்களில் 8, 10 எடுத்து எழுதுங்கள். டூ வீல் டிரைவையும் சிங்கிள் கேபினையும் இதில் கலக்காதீர்கள். அவற்றை வாங்குகிறவர்களே வேறு. யானை விலை குதிரை விலை சொல்லும் ஒன்றிரண்டையும், அடிமாட்டு விலைக்குக் கிடக்கும் ஒன்றிரண்டையும் அடித்துவிடுங்கள். மீதியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் விலையை எடுங்கள். சராசரி போட்டால் ஒரே ஒரு பேராசைக்காரர் கணக்கைக் கெடுத்துவிடுவார். நடு எண்ணில் அந்தத் தொந்தரவு இல்லை. பிறகு 3, 4 வாரம் கழித்து அதே விளம்பரங்களைத் திரும்பப் பாருங்கள். இன்னும் நிற்பவை விலை கூடியவை. சீக்கிரம் காணாமல் போனவைதான் சந்தை ஒப்புக்கொண்ட விலைக்கு அருகில் இருப்பவை. கேட்ட விலைக்கும் கை மாறும் விலைக்கும் நடுவே 10 சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

அடுத்து வண்டியைப் பார்க்க வேண்டும். இங்கே எல்லோரும் பானட்டைத் திறந்து இன்ஜினில் ஆரம்பிப்பார்கள். பழைய பிக்கப்பில் ஆரம்பிக்க வேண்டிய இடம் சேஸிஸ், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டம். இன்ஜின் போனால் வேறு இன்ஜின் வைக்கலாம், கியர்பாக்ஸையும் மாற்றலாம். சேஸிஸ் போய்விட்டால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எதற்கும் விலை இல்லை. வண்டி எடைக்குத்தான் போகும். 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்புகளில் சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, 2008-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் பாதிக்கப்பட்ட வண்டிகளை மதிப்பு விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவற்றில் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் உண்டு. சேஸிஸ் போனதும் இன்ஜின் எதற்கும் உதவவில்லை.

'கொஞ்சம் துரு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்தத் துரு என்பதில்தான் உங்கள் விலையின் பெரும்பகுதி இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, கையில் சிறிய சுத்தியலும் தடித்த ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டங்கள் சேரும் வெல்டிங் ஓரம், டீசல் டேங்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத பகுதி, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடி: சேறும் ஈரமும் தங்குவது இங்கேதான். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும், செதில் செதிலாக உதிரும். அங்கே ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். மேலே பொடி மட்டும் வந்து அடியில் கெட்டியாக இருந்தால் மேல்துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து துரு தடுப்புப் பூச்சு அடித்தால் தீர்ந்தது. முனை உள்ளே இறங்கினால் கதை வேறு.

பெட்டி வடிவச் சேஸிஸ் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும் என்பதையும் மறக்காதீர்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே மண் அடைத்து, தண்ணீர் வடியும் துளைகள் மூடிப்போயிருக்கும். அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், முடிந்தால் சிறிய கேமரா ஒயரை விட்டுப் பாருங்கள். விற்பதற்கு முந்தைய வாரம் அடியில் கறுப்புப் பூச்சு அடித்துப் பளபளவென்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தாலே விலையைக் குறைப்பார், அல்லது திரும்பிப் போய்விடுவார். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கேபினுக்கும் பின் லோடு பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். மேலேயும் கீழேயும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒரு அளவும் கீழே வேறு அளவுமாக இருந்தால் அளவுக்கு மீறிய பாரத்தில் சேஸிஸ் வளைந்திருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் மாறினால் விபத்தில் முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். பாடி ரப்பர்கள் அழுகியும் இந்த வித்தியாசம் வரலாம். அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம்.

இனி இன்ஜின். 'நன்றாக இருக்கிறது' என்ற சான்றிதழுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அளந்த எண்ணுக்குத் தருவார்கள். முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டர் விளக்கு அணைந்தபின் ஒன்றிரண்டு செல்ஃபில் பிடித்தால் நல்லது. கொஞ்ச நேரம் வந்து மறையும் வெண்புகை பரவாயில்லை. சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் மட்டும் கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை.

இன்ஜின் சூடானதும், ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே இருந்தால் இந்த ஓட்டத்துக்குப் பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளி மூடியைத் தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் செலவானாலும், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை பார் வர வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதைவிட முக்கியம் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது. நான்கில் மூன்று 28 பார் காட்டி ஒன்று மட்டும் 21 காட்டினால், 'இன்ஜின் நல்லா இருக்கு' என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. காமன் ரயில் டீசலாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவையும், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றும் செலவு, இந்த வயது வண்டியின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

கிளட்ச், கியர், டிரைவ் விஷயத்தை ஒரு சுற்று ஓட்டியே பார்த்துவிடலாம். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டுப் பிடிக்கும்போது அடியில் 'டக்' என்று இடித்தால் புரோப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் ஆட்டம். ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் போட்டுப் பாருங்கள், ஹை, லோ இரண்டும் விழ வேண்டும். கெட்டித் தார் ரோட்டில் போட்டு வண்டியைத் திருப்பாதீர்கள், டிரைவ் இறுகிக்கொள்ளும். டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்தால் டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துணுக்கு சாதாரணம் அல்ல.

2,70,000 என்ற எண்ணைப் பற்றி வாங்குபவர் நிச்சயம் கேட்பார். 20 வருடத்துக்கு அது அதிகம் இல்லை, வருடத்துக்கு 13,500 கி.மீ.தான். ஆனால் எப்படி ஓடியது என்பது வேறு கேள்வி. மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருந்தால் இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: 4,500 மணி நேரம் என்றால் மணிக்குச் சராசரி 60 கி.மீ., நெடுஞ்சாலை ஓட்டம். 9,000 மணி நேரம் என்றால் சராசரி 30, நின்று நின்று தேய்ந்த வண்டி. அந்த மீட்டர் இல்லாவிட்டால் பாரம் சுமந்த கதையை லீஃப் ஸ்பிரிங் சொல்லும். காலி வண்டியிலேயே பட்டைகள் வளைவு இழந்து நேராகக் கிடக்கின்றனவா, நடுவில் விரிசல் உண்டா, பின்னால் கூடுதல் பட்டை சொருகியிருக்கிறதா, பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருக்கும் வண்டியில் மீட்டர் சின்ன எண்ணைக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். உங்களிடம் தேதியும் கிலோமீட்டரும் போட்ட சர்வீஸ் பில்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் இந்த வாக்குவாதமே வராது. பேரத்தில் உங்கள் கையில் உள்ள பெரிய பலம் அதுதான், அலாய் வீல் அல்ல.

இப்போது கணக்கு. சந்தைக்குச் சந்தை பணம் மாறும் என்பதால், நீங்கள் எடுத்த நடு விளம்பர விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பேரத்தில் 10 போகும், மிச்சம் 90. குறை இல்லாத வண்டிக்கான விலை இது. இனி உங்கள் வண்டியின் கழிவுகள். கீழே நான் போடும் எண்கள் மாதிரிக்கு. உங்கள் மெக்கானிக் தரும் எஸ்டிமேட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முன் பக்க பால் ஜாயின்ட், புஷ் வேலை 4. பாதி தேய்ந்த கிளட்ச் 3. சேஸிஸ் மேல்துருவுக்கு 3. டைமிங் பெல்ட்டுக்கு வேலை செய்யும் செலவு 5தான் வரும் என்றாலும், வாங்குபவர் 8 கழிப்பார். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் கழிக்கிறார். மொத்தம் 18. மிச்சம் 72. நல்ல டயருக்கு 3, பில் கட்டுக்கு 4 கூட்டினால் 79. ஆக 76 முதல் 82 வரை நியாயமான நேரடி விற்பனை விலை.

டயர் புதிது என்பதை நிரூபிக்கவும் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரத் தயாரிப்பு. போன வருடம் வாங்கிய டயர் அதற்கும் பல வருடம் முன்பு தயாரானதாக இருந்தால், கூட்டிய 3-ஐ 1 ஆக்குங்கள். அலாய் வீலுக்கு அதே அளவு ஒரிஜினல் வீல் கையில் இருந்தால், அதை வண்டியில் மாட்டிவிட்டு அலாய் வீலைத் தனியாக விற்பது லாபம். மியூசிக் சிஸ்டத்துக்குப் பூஜ்யம். வேலைக்கு வண்டி தேடுகிறவர் பாட்டுப் பெட்டிக்குக் காசு கொடுக்க மாட்டார்.

வியாபாரியின் கணக்கையும் இதே தாளில் போடுங்கள். பெல்ட்டையும் பால் ஜாயின்ட்டையும் அவர் மாற்றுவார், அவருக்கு மலிவாக முடியும் என்று 7 வையுங்கள். அதன்பின் 90-க்கு விற்பார். இடம், முடங்கும் பணம், விற்ற பிறகு வரும் புகார், லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 முதல் 23 வரை எடுத்துக்கொள்வார். அப்படியானால் 60-இலிருந்து 65 வரை அவருக்குக் கட்டுப்படியாகும். அவர் சொன்ன 50 பேரத்தின் ஆரம்பம். 60-க்கு வந்து அன்றே பணம் தருவாரானால், ஏமாற்றுகிறார் என்று கோபப்பட வேண்டாம்; நீங்கள் விட்டுக்கொடுக்கும் 19, விளம்பரம், விசாரிப்பு, ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் என்ற அலைச்சலுக்கான கூலி. அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த நிலையிலும் கீழே போகக் கூடாத விலை ஒன்று உண்டு. வண்டியின் காலி எடையை இரும்பு விலையால் பெருக்கி, கழற்றி விற்றால் போகும் சாமான்களின் விலையைக் கூட்டுங்கள். ஓடும் டீசல் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் இவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. சேஸிஸில் ஸ்குரூ டிரைவர் இறங்கிவிட்டால் மேலே போட்ட 79 கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன்: வேண்டாம். முழு வண்டிக்கு ஒழுங்காக டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று போனால் செலவில் பாதிகூடத் திரும்பாது. மலிவாக அடித்தால் விலை ஏறுவதற்குப் பதில் இறங்கும். 20 வருட வண்டி மினுமினுத்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வருகிறவர் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பார். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் ஒட்டாது. அந்தப் பணத்தில் டைமிங் பெல்ட்டைத் தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்றிப் பில் வாங்குங்கள். 5 செலவில் 8 கழிவு போகிறது, விலை 87 ஆகிறது. அதோடு சேஸிஸின் மேல்துருவை மறைக்காமல் தேய்த்து, தேய்ப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், அதன்பிறகு பூச்சு. உள்ளே வெளியே நன்றாகக் கழுவுங்கள். இன்ஜினை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், ஆயில் ஒழுகலை மறைத்ததாக நினைப்பார்கள். கிளட்ச் இன்னும் பிடிக்கிறதென்றால் அதைத் தொட வேண்டாம். கியர்பாக்ஸ் இறக்கும் கூலியே விலையில் திரும்ப வராது.

காகிதத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். துருவில் எண் மங்கியிருந்தால் விற்கும் முன்பே அதிகாரிகளிடம் காட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள், நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கடன் முடிந்ததற்கான சான்றும் தயாராக இருக்கட்டும். பழைய டீசலுக்குத் தடையோ கட்டணமோ உள்ள பெருநகரங்கள் கூடிக்கொண்டே போகின்றன. உங்கள் பகுதி அப்படியானால், அங்கே விளம்பரம் கொடுப்பதைவிட வெளியே பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஃபோர் வீல் டிரைவ் தேடும் இடங்களில் கொடுப்பது விலையைக் காப்பாற்றும்.

பெல்ட் மாற்றிய பிறகு 94 கேளுங்கள், 87-இல் நில்லுங்கள். பெல்ட் மாற்றாமல் விற்பதானால் 86 கேட்டு 79-இல் முடியுங்கள். பார்க்க வருகிறவர் வரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்தால் பானட்டைத் தொட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். பால் ஜாயின்ட், கிளட்ச், மேல்துரு மூன்றையும் எஸ்டிமேட்டோடு ஒரு தாளில் எழுதி நீங்களே முதலில் நீட்டுங்கள். பிறகு அவர் அதே குறைகளைக் காட்டி இரண்டாவது முறை குறைக்க வந்தால், விலையில் ஏற்கெனவே கழித்தாயிற்று என்று தாளைக் காட்டலாம். முழுப் பணமும் கைக்கு வந்து உறுதியான பிறகுதான் சாவியும் கையெழுத்தும். பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், விற்பனைத் தகவலை நீங்களும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் எண் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் வரும் அபராதச் சீட்டு யாருடையது என்ற பேச்சு எழாது.